விரும்பித்தான் வந்தேன்

"பயப்படாம சொல்லு தங்கச்சி. யாராவது உன்னை ஏமாத்திக் கூட்டிட்டு வந்தாங்களா?"

மொழிபெயர்ப்பாளர் லியோங் கேட்டதும் லாய் குவான் தலையை நிமிர்த்தினாள். மேசைக்கு அந்தப்பக்கம் செம்பட்டைத் தாடியோடு வெள்ளைக்காரத் துரை உட்கார்ந்திருந்தார். தாசி விடுதியில் சேரும் ஒவ்வொரு பெண்ணும் மனசார வந்தவள்தானா என்று துரை விசாரித்தாக வேண்டும். அது சிங்கப்பூர்ச் சட்டம்.

சட்டமாம், சட்டம்! போன வாரமும் விடுதிக்கார ஃபூங் அம்மா ஒரு மாடியறைக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்த துரையும் இதையேதான் கேட்டார். சிங்கப்பூரில் தையல் வேலை என்று சொல்லிச் சீனாவின் கான்டனில் கப்பலேற்றிய கதையை லாய் குவான் அழுதுகொண்டே கொட்டினாள். விடுதிக்குத் திரும்பியதும் ஃபூங் அம்மா அதை ஒரு வார்த்தை விடாமல் சொல்லிச் சொல்லி அடித்தாள். முதுகில் பிரம்புத் தடம் இன்னும் ஆறவில்லை. துரைகள் எல்லாம் அவள் ஆட்கள்தான். இதுவும் ஒரு சோதனைதான்.

"நான் விரும்பித்தான் வந்தேன்."

துரை ஏதோ சொன்னார். லியோங் குரலைத் தாழ்த்தினார். "நிஜத்தைச் சொன்னா இப்பவே காப்பகத்துக்கு அனுப்பிடுவார்மா. அந்தம்மா உன்மேல சுண்டுவிரலைக்கூட வைக்க முடியாது."

போன வாரமும் இதே தேன்பேச்சுதான். நுனிநாக்குவரை வந்த உண்மையை அவள் எச்சிலோடு விழுங்கினாள்.

"யாரும் ஏமாத்தலைங்க."

"பின்னே ஏன் கை இப்படி வெடவெடன்னு ஆடுது?"

"குளிருதுங்க."

அந்த வெயிலில் குளிராம்! துரை அவளையே வெகுநேரம் பார்த்தார். இன்னொரு தடவை கேட்கச் சொன்னார். அவள் அதையே சொன்னாள். பெருமூச்சு விட்டபடி கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் ஃபூங் அம்மா அவள் கன்னத்தைக் கிள்ளினாள். "என் தங்கமே! கிளி மாதிரி ஒப்பிச்சிட்டியே!"

"இனி அடிக்காதீங்கம்மா. இந்தத் துரையும் உங்க ஆளுன்னு எனக்குத் தெரியும்."

ஃபூங் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடி பைத்தியமே, இவரை வளைக்க என்னால முடியுமா? போன வாரம் துரை வேஷத்துல உன்னை விசாரிச்சானே, அவன்தான் நம்ம ஆளு. கப்பல்ல கிழங்கு உரிக்கிற சமையல்காரன்!"