சுற்றி வந்த அட்டைப்பெட்டி

‘கடக், கடக்’ என்று நான் படித்த கல்லூரிப் பட்டறையில் ஓடிய கன்வேயர் பெல்ட்டின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மாணவர்கள் சரக்கு அனுப்பிப் பழக, ஒரு காலி அட்டைப்பெட்டி அதில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருநாள் கோயம்புத்தூர் விலாசம் ஒட்டுவார்கள், மறுநாள் அதன்மேல் ஒடிசாவின் கட்டாக் விலாசம். ஏதாவது ஓர் ஊர் போய்ச் சேர வேண்டும் என்பது பெட்டியின் ஆசை.

“அக்கா, ஊர் வந்துடுச்சா?”

“பேசாம உட்காருடா. நான் எங்க போறேன்னு எனக்கே தெரியல” என்றது பெல்ட்.

“நேத்தும் இந்த ஜன்னலைத்தானே பார்த்தோம்?”

“எல்லா ஊர்லயும் ஜன்னல் இருக்கும்.”

படிப்பு முடிந்ததும் பூவிழி என்ற மாணவி அந்தப் பெட்டியில் புத்தகங்களை அடுக்கி, பஸ் ஏற்றி, தென்காசியில் தன் வீட்டில் இறக்கி வைத்தாள்.

“ஏன்க்கா நின்னுட்டே? ஊர் எப்ப வரும்?” என்று கேட்டது பெட்டி, இன்னும் பெல்ட்டின் மேல்தான் இருப்பதாக நினைத்து.

அது இப்போது பூவிழியின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.