எட்டே முக்கால் அங்குலம்

கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்து மேசைமேல் மார்ச் மாத வெயில் விழுந்து கிடக்கிறது. அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை அணிகள் எல்லாவற்றுக்கும் போகும் அளவுத்தாளோடு நான் உட்கார்ந்திருக்கிறேன். பந்தெறியும் குவார்ட்டர்பேக் டோபின் கையை விரிக்கிறான். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை ஒன்பது அங்குலம் இல்லாவிட்டால், மழையில் பந்து நழுவும் என்று அணிகள் ஒதுக்கிவிடும். “இன்னும் விரிப்பா, கிழிஞ்சிடாது,” என்கிறார் ஆள் தேர்வுக்கு வந்திருக்கும் வெர்லின். “இதுக்கு மேல போகாது சார்.” எட்டே முக்கால். பையன் முகம் வெளுக்கிறது. வெர்லின் தன் கையைப் பக்கத்தில் வைக்கிறார், அதே அளவு. “எழுபத்தெட்டுல இதே மேசைலதான் என்னையும் அளந்தாங்க, நாடீன்.” “தெரியும். நான்தானே எழுதினேன்.” “அன்னிக்கு நம்பர மட்டும் எழுதிட்ட, ஒரு அணியும் என்னைக் கூப்பிடல. இவனுக்குப் பக்கத்துல இதையும் எழுது: கொட்டுற மழையில இவன் ஆடின நாலு ஆட்டம் பார்த்தேன், பந்து ஒருதடவகூட நழுவல.”