ஊடு என்ற சொல்

மலையூரான கேத்தியில், எங்கள் வீட்டு முன்னறையில் நான், மகள் பிரிஸில்லா, மருமகன் டெனின், பேத்தி ஜெனிஸ் ஆகிய நால்வர் மட்டுமே இருக்கிறோம். ஜன்னல் கண்ணாடியில் மூடுபனி வழிகிறது. ஜெனிஸ் ஓராண்டு படித்த சென்னைப் பெண்கள் பள்ளியை விட்டு, அங்கேயே இருபாலர் பள்ளிக்குப் போக வேண்டுமென்கிறாள். “பசங்க கூடவா? நம்ம குடும்பத்துல வழக்கமில்லீங்க மாப்பிள்ளை,” என்கிறேன். டெனின் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருக்கிறார். “பசங்க என்ன பண்ணுவாங்க தாத்தா?” என்கிறாள் ஜெனிஸ். இத்தனை வருடமும் நான் அவளுக்கு அப்பிச்சி. “ஏஞ்சாமி, தாத்தாங்கறே?” “அப்பிச்சின்னா ஹாஸ்டல் புள்ளைங்க சிரிக்கறாங்க. வீட்டை ஊடுன்னா, காட்டுக்குள்ளயான்னு கேக்கறாங்க. அதான் நீங்க கூப்பிட்டா போன் எடுக்கறதில்ல. நான் கேக்கற ஸ்கூல்ல கோத்தகிரிப் பசங்க ரெண்டு பேரு ஊடுன்னேதான் பேசறாங்க. ஒருத்தரும் சிரிக்கறதில்ல.” “நீங்க சொன்னீங்கன்னுதானுங்கப்பா அங்க சேர்த்தோம்,” என்கிறாள் பிரிஸில்லா, என்னைப் பாராமல். என் கையிலிருக்கும் வர்க்கி தேநீரில் ஊறி, உடைந்து, கோப்பைக்குள் விழுகிறது. எடுக்கக் கை வரவில்லை. “சேத்துடுங்க மாப்பிள்ளை,” என்கிறேன். ஒரு வாரம் கழித்து, பையன் விவகாரத்தால் நாங்கள் பள்ளி மாற்றுகிறோம் என்று சர்ச் வாசலில் பேசிக்கொள்கிறார்களாம். பையன் எவனும் இல்லை. பெண்கள் பள்ளிதான் கௌரவம் என்று அவளை அங்கே அனுப்பியவன் நான்.