நான்கு ரப்பர் பேண்டுகள்

பிரித்த பொட்டலங்களைக் கட்டி வைக்கத் தெரியாதா என்று மனைவி திட்டியதும், மகள் பூவிழியின் பள்ளிப் பையில் ஈர்க்குச்சிகளைக் கட்டியிருந்த ரப்பர் பேண்டுகளை உருவினேன். குச்சிக்கெல்லாம் எதற்கு இடுப்புக்கயிறு என்று எனக்குள் சிரிப்பு வேறு. அவை பத்துப் பத்தாக அவள் எண்ணிக் கட்டியவை. மறுநாள் வகுப்பின் முன்னால் நாற்பத்து மூன்றை நான்கு கட்டும் மூன்று உதிரியுமாகக் காட்ட வேண்டியவள், கை நிறைய உதிரிக் குச்சிகளோடு விழித்தாளாம். ஆட்டோவில் உடன் வந்த பிள்ளைகள் சொன்னார்கள். பொட்டலங்களிலிருந்து கழற்றிய நான்கு பேண்டுகளையும் விரலில் மாட்டிக்கொண்டு அவள் முன் நின்றேன்.

"யாரு அவுத்ததுன்னு டீச்சர் கேட்டாங்களா?"

"ம்."

"என்ன சொன்னே?"

"நாந்தான்னு."

"அப்பான்னு சொல்லியிருக்கலாம்ல?"

என் விரலிலிருந்து ஒன்றைக் கழற்றிப் பத்துக் குச்சிகளைக் கட்டிக்கொண்டே சொன்னாள்:

"அம்மாகிட்ட நீ வாங்குறதே போதும்ப்பா."