பதினேழாம் வீடு

"பதினேழாம் வீடு யாரோடது? அதை மட்டும் சொல்லிடுங்க" என்றார் வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா.

மாணவி பணிவாக மறுத்தாள். "அதைச் சொல்ல முடியாது மேடம். யார் பேரையும் வெளியில விடமாட்டேன்னு வாக்கு கொடுத்துத்தான் எல்லார்கிட்டயும் பதில் வாங்கினேன்."

அவளுடைய ஆய்வேடு மேசைமேல் விரிந்து கிடந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு, இயற்கை வள மேலாண்மை முதுகலைப் படிப்பின் கடைசிப் படி இந்த வாய்மொழித் தேர்வு. ஒரே தெரு, ஒரே குழாய், காலையில் ஒரு மணி நேரத் தண்ணீர். அதை நாற்பத்திரண்டு வீடுகள் எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட பொருள்.

பக்கத்து நாற்காலியில் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர். கல்லூரியில் எந்தக் குழாய் ஒழுகினாலும் ஓடிப்போய் மூடுவார் என்பதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'சொட்டு சார்'. இன்று அவர் நெற்றியில்தான் வியர்வை சொட்டியது.

"குழாயில மோட்டார் மாட்டித் தண்ணி இழுக்கறீங்களான்னு கேட்டிருக்கீங்க" என்று தேர்வாளர் பக்கத்தைப் புரட்டினார். "நாற்பத்தோரு வீடு இல்லவே இல்லைன்னு சொல்லுது. பதினேழு மட்டும் ஆமான்னு சொல்லி, எந்த நாள் போட்டோம், எந்த நாள் போடலைன்னு ரெண்டு மாசக் குறிப்பும் குடுத்திருக்கு. மாட்டினா அபராதம். தன்னைத்தானே காட்டிக்கொடுக்கற ஆளை நான் பார்த்ததே இல்லம்மா. நிஜமாவே அப்படி ஒரு வீடு இருக்கா, இல்ல உட்கார்ந்து எழுதினதா?"

"இருக்கு மேடம். சத்தியமா."

"சரி, அதை விடுங்க. இன்னொண்ணு என்னை விடவே மாட்டேங்குது. பதினேழு மோட்டார் போடாத நாள்ல கடைசி வீட்டுக்கு அஞ்சு குடம் வந்திருக்கணும். உங்க கணக்குப்படியே அதுதான். ஆனா மூணுதான் வந்திருக்கு. மீதி ரெண்டு குடம் எங்க போச்சு?"

"கசிவு மேடம்" என்று முந்திக்கொண்டார் சொட்டு சார். "குழாய் ரொம்பப் பழசு."

"நீங்க பார்த்தீங்களாம்மா? எங்கயாவது ஈரம், சேறு?"

மாணவி சாரைப் பார்த்தாள். பிறகு இல்லையென்று தலையாட்டினாள். "தினமும் காலையில தெருவோட இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் நடந்தேன். எங்கயும் ஈரமில்ல. சார்தான் மண்ணுக்கு அடியில கசியலாம், அப்படியே எழுதுன்னு சொன்னாங்க."

தேர்வாளர் பேனாவை மூடினார். "ஆள் தெரியாத ஒரு வீடு, போன இடம் தெரியாத தண்ணி. இதை நம்பி எப்படிம்மா கையெழுத்துப் போடறது? திருப்பி அனுப்பறேன். இன்னும் ஆறு மாசம் எடுத்துச் சரியா செஞ்சு கொண்டாங்க."

மாணவி குடிநீர் அலுவலகத்தில் தற்காலிக ஊழியர். இந்த மாதத்துக்குள் தேர்ச்சிச் சான்றிதழைக் கொடுத்தால் வேலை நிரந்தரம். ஆறு மாதம் என்றால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அவள் எழுந்து நின்றாள். "மேடம், சொல்லிடறேன். பதினேழு என் வீடு."

சொட்டு சாரின் கையிலிருந்த தாள்கள் நழுவித் தரையில் விழுந்தன.

"மாமனார் படுத்த படுக்கை. எத்தனை துணி துவைச்சாலும் போதாது. நான்தான் மோட்டார் மாட்டினேன். சுவிட்ச் போட்டதும் நான்தான். அடுத்தவங்க வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்கறதுக்கு முன்னாடி, அதே கேள்வியை என்னை நானே கேட்டுக்கணும்னு தோணுச்சு."

"குடிநீர் ஆபீஸ்ல வேலை பார்த்துக்கிட்டா?" தேர்வாளர் வியப்போடு கேட்டார். "இது வெளியில தெரிஞ்சா உங்க வேலையே போயிடுமே."

"தெரியும் மேடம். கடைசி வீட்டு அக்கா ஒருநாள் ஒரு குடத்தைத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தாங்க. 'பெரியவரை வச்சுக்கிட்டுத் தண்ணிக்கு என்னம்மா பண்றே, எங்களுக்கு இன்னிக்கு ரெண்டு குடம் கிடைச்சுது, இதை நீ வச்சுக்கோ'ன்னாங்க. அன்னிக்கு என்னால சாப்பிட முடியல. குறிப்பு எழுதி முடிச்ச மறுநாளே மோட்டாரைக் கழட்டிட்டேன்."

தேர்வாளர் ஆய்வேட்டின் பக்கத்தை மறுபடி புரட்டினார்.

"இப்ப அந்த அக்காவுக்கு எத்தனை குடம் வருது?"

"மூணுதான் மேடம், அஞ்சாகலை. அதுதான் எனக்கும் மண்டையைக் குடையுது. என் மோட்டார் போன பிறகும் அந்த ரெண்டு குடம் எங்க போகுதுன்னு தெரியல. கசிவுன்னு எழுதினதை அடிச்சுடறேன். தெரியலைன்னே எழுதிடறேன்."

தேர்வாளர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். உடனே எதுவும் எழுதவில்லை.

சொட்டு சார் குனிந்து தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நிமிரும்போது முகம் வெளிறியிருந்தது.

"தெரியலைன்னு எழுத வேண்டாம்மா" என்றார். "மேடம், அட்டவணையில ஒரு மோட்டார்னு இருக்கறதை ரெண்டுன்னு திருத்திக்கோங்க... நானும் அதே தெருவுலதான் குடியிருக்கேன்."