இடம் கேட்டு வந்தவர்

பெற்றவர்களைக் கொண்டுவந்து தள்ளும் பிள்ளைகளைக் கண்டாலே, ஜார்ஜ்டவுனில் முதியோர் இல்லம் நடத்தும் தவமலருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்று வந்தவனும் அப்படித்தான். நாற்பது வயதிருக்கும், நல்ல தடித்த உடம்பு. துணிப்பையை அப்பா அய்யாக்கண்ணுவைச் சுமக்கவிட்டு, சுழலும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“நடமாடறவங்க கீழ, படுத்த படுக்கையா கிடக்கறவங்க மேல. ஞாபகம் தப்பினவங்க பின்னாடி, அங்க கேட் பூட்டியே இருக்கும். அறுபது வயசுக்கு மேலதான் எடுப்போம்,” என்றாள் தவமலர்.

பெரியவர் முகம் வாடியது. “வேற மாதிரி ஹோம் இல்லையாம்மா? ராத்திரி லைட் போட்டு வெப்பாங்களா? கத்தினா அடிக்க மாட்டாங்கதானே?”

தவமலர் மகனை முறைத்தாள். இந்த வயதில் அடிக்குப் பயப்படுகிறார் என்றால், வீட்டில் என்ன பாடு பட்டிருப்பார்!

“ஏன் தம்பி, நல்லா நடமாடற அப்பாவை இங்க தள்ளுறீங்க? பாவம் லா!”

அவன் சிரித்தான். அவளுக்கு ரத்தம் கொதித்தது. பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பத் திரும்பினார்.

“போறப்ப அவரு காலுக்குச் சப்பாத்தையாவது மாட்டி விடுங்க!”

வாசலில் பெரியவர்தான் மூச்சு வாங்க உட்கார்ந்தார். மகனின் பெரிய காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, சப்பாத்தை மாட்டினார்.

“இவனுக்கு மாட்டத் தெரியாதும்மா. பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான். எங்க போனாலும் அறுபதுங்கறாங்க. எனக்குத் தீபாவளி தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குள்ள இவனை எங்கயாச்சும் பழக்கி விட்டுடணும்.”



“ப்பா... வீட்டுக்கு,” என்று மறுகாலை நீட்டினான் மகன்.