காளை பார்த்த திசை

நம்பிக்கை என்ன விலை என்று அந்த ஆற்றங்கரை நகரத்தில் கேட்டால், கட்டைவிரல் அகலக் கல் ஒன்றைக் காட்டுவார்கள். காளை செதுக்கிய அந்த முத்திரைக்கல் வணிகன் குவிரனுடையது. மூட்டையின் முடிச்சில் ஈரக் களிமண்ணை அப்பி அதை அவன் அழுத்திவிட்டால், துறைமுகக் கிடங்கில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பக்கத்துக் கடைச் சேந்தனின் மூட்டைகளையோ கொட்டிக் கிளறி அளப்பார்கள். வயிறு எரியாதா?

குவிரன் குத்திய களிமண் வில்லை ஒன்றைத் திருடிப் போய்க் கல் செதுக்குபவனிடம் நீட்டினான் சேந்தன். “இதுல இருக்கறபடியே வெட்டு.” அவனும் இம்மி பிசகாமல் வெட்டினான். கொம்பழகில் சொக்கிய சேந்தன், ஐந்து மூட்டைகளில் அவசரமாகக் குத்திக் கிடங்குக்குக் கொண்டுபோனான்.

அங்கே குவிரனும் வந்திருந்தான்; இருவர் மூட்டைகளும் அருகருகே நின்றன. குவிரனின் காளை வலப்பக்கம் பார்த்தது. களிமண்ணில் இருந்தபடியே வெட்டிய கல் குத்தும்போது திசை மாறிவிட, சேந்தனின் காளை இடப்பக்கம் பார்த்தது.

“என்னய்யா, ரெண்டும் முட்டிக்க நிக்குது? எது கள்ள முத்திரை?” காவலர் அரிவாளை எடுத்தார். கள்ள முத்திரைக்கு வலது கை போகும்.

சேந்தன் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். குவிரன் அவன் முகத்தை ஒரு கணம் பார்த்தான்.

“ரெண்டும் நம்ம காளைதாங்க. ஒண்ணு போற காளை, ஒண்ணு திரும்பி வர்ற காளை. மூட்டை எல்லாமே என்னுது. என்ன சேந்தா, சரிதானே?”

“சரிதான் அண்ணே.” காவலர் அரிவாளைக் கீழே வைத்தார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் சேந்தன் கணக்குப் பார்த்தான். குவிரனுக்கு வரவு ஐந்து மூட்டை. தனக்கு மிச்சம் வலது கை. எப்படிக் கூட்டினாலும் லாபம் குவிரனுக்குத்தான் என்றே பட்டது.